பிள்ளையைக் கவுன்சலிங் கூட்டிப் போகச் சொன்னால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

“பிள்ளையை ஒரு கவுன்சலரிடம் காட்டுங்கள்” என்று பள்ளியில் சொல்லிவிடுவார்கள். யாரிடம், எங்கே, எவ்வளவு செலவாகும், கையில் எதை எடுத்துப் போவது என்று யாரும் சொல்வதில்லை. என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பள்ளிக்கும் தனியார் மையத்துக்கும் அரசு மருத்துவமனைக்குமாக அலைந்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். வழி பிடிபட ஒரு கல்வியாண்டே போய்விட்டது. உங்கள் பிள்ளைக்கு அந்த ஆண்டு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது பள்ளி ஆலோசகரின் பாதி வேலை. அடுத்து யாரைப் பார்க்க வேண்டுமோ அவரிடம், உரிய கடிதத்தோடு அனுப்பிவைப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பெற்றோர்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் அது நடப்பதில்லை.

1. அவசரமா என்று முதலில் பாருங்கள்

பிள்ளை சாவைப் பற்றிப் பேசுகிறதா? “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறதா? கையைக் கீறிக்கொள்கிறதா? தனக்குப் பிடித்த பொருட்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுக்கிறதா? இதில் எது இருந்தாலும் கீழே சொல்லப்போகும் படிகளைத் தள்ளிவையுங்கள். அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அப்படி வருவதில்லை. உள்ளே அடைத்துவைத்திருக்கும் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்ல அது ஒரு வழியாகிறது. பதில் எதுவானாலும் திட்டாமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னையைச் சேர்ந்த சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. பிள்ளை தன்னை ஏதாவது செய்துகொண்டுவிட்டால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சின்ன கிளினிக்குகளில் நேரத்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்தப் பயத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

2. யார் என்ன செய்வார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லோரையும் கவுன்சலர் என்றே சொல்லிவிடுகிறோம். அலைச்சலில் பெரும்பகுதி இதனால்தான்.

பள்ளி ஆலோசகர் பிள்ளையிடம் பேசுவார், வகுப்பில் அது எப்படி இருக்கிறது என்று கவனிப்பார், ஆசிரியருக்கும் வீட்டுக்கும் நடுவே பேசிச் சரிசெய்வார். நோய் இன்னதென்று முடிவு செய்வதோ சான்றிதழ் தருவதோ அவர் வேலை இல்லை. கிளினிகல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், முறையான சோதனைகள் நடத்தி அறிக்கை எழுதுவார், தொடர் சிகிச்சையாகப் பேசுவார், ஆனால் மருந்து எழுத மாட்டார். மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து தேவையா என்று முடிவு செய்வது அவர். சிறப்பாசிரியர், கற்றலில் தடுமாறும் பிள்ளைக்குப் பாடத்தை வேறு முறையில் சொல்லித் தருபவர்.

மேற்படிப்பு பற்றி வழிகாட்டுவது தனி வேலை. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்பதுதான் குழப்பம் என்றால், அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் வழிகாட்டுதல் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தையும் கேட்கலாம். இதற்காக மனநல வழியில் வரிசையில் நிற்க வேண்டாம்.

3. உங்கள் பள்ளியில் ஆலோசகர் யார் என்று கேளுங்கள்

தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: “நம் பள்ளிக்கு ஆலோசகர் யார், எந்த நாளில் வருவார், என்ன படித்தவர்?” கேட்கத் தயங்க வேண்டாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறைப்படி தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அதன் இணைப்பு விதிகளிலேயே ஆலோசகர் கட்டாயம்.

விதி இருந்தாலும் நடைமுறை வேறு. பல பள்ளிகளில் வேறு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரையே ஆலோசகர் என்று காட்டுவார்கள். அவர் அக்கறையானவராகவே இருக்கலாம். ஆனால் காலையில் மதிப்பெண் போடுகிறவரிடம் மாலையில் பிள்ளை மனம் திறந்து பேசுமா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியொரு நிலை இருந்தால் அவரைத் தகவல் தருபவராகப் பயன்படுத்திக்கொண்டு, பேசுவதற்கு வெளியே ஒருவரைத் தேடுங்கள்.

அரசுப் பள்ளியாக இருந்து ஆலோசகர் யாரென்றே தெரியவில்லை என்றால் 14417-ஐ அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. படிப்பு சம்பந்தமான சந்தேகம், தேர்வுப் பயம், பள்ளியில் நடக்கும் தொல்லை எல்லாவற்றுக்கும் மாணவரோ பெற்றோரோ பேசலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதை எழுப்புங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வாய்மொழியாகக் கேட்டால் மறந்துபோகும் விஷயம், குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்டால் அப்படித் தள்ளிவிட முடியாது.

4. பார்க்கப் போகும் முன் எழுதி வையுங்கள்

“அவன் சரியில்லை”, “படிக்கவே மாட்டேங்கிறா” என்று மட்டும் சொன்னால் ஆலோசகர் எங்கிருந்து தொடங்குவார்? இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தூங்கிய நேரம், விழித்த நேரம், சாப்பாடு, எந்தெந்த நாளில் வயிற்றுவலி தலைவலி என்றது, எந்தப் பாடத்துக்கு உட்காரும்போது கோபம் வருகிறது, யாரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறது. “திங்கட்கிழமைதோறும் காலையில் வாந்தி, சனிக்கிழமை ஒன்றும் இல்லை” என்ற ஒரே வரியில் ஆலோசகருக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

கூடவே ஒரு ஃபைல் தயார் செய்துகொள்ளுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- கடைசி மூன்று ஆண்டு மதிப்பெண் அட்டைகளின் நகல்
- பிள்ளை எழுதிய நோட்டுப் பக்கங்கள் சில, குறிப்பாகத் தேர்வுத் தாள்கள்
- பிள்ளை, பெற்றோர் ஆதார் நகல்கள்
- பிறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள்
- பழைய மருத்துவச் சீட்டுகள், பிரசவ நேரத்தில் சிக்கல் இருந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் காகிதம்
- பள்ளியின் போனஃபைடு சான்றிதழ்
- கண் பரிசோதனை, காது கேட்கும் திறன் பரிசோதனை முடிவுகள்

கடைசியில் இருப்பதை முதலில் முடித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் காது மந்தமான பிள்ளையும் “கவனிக்கவே மாட்டேன் என்கிறான்” என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். அதோடு, கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்குப் போனால் இந்த இரண்டு முடிவுகளும் இல்லாமல் பெரும்பாலும் ஆரம்பிக்கவே மாட்டார்கள். அரசு மருத்துவமனையிலேயே இரண்டையும் பார்த்துவிடலாம்.

மூலச் சான்றிதழ்களை எந்த மையத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

5. முதல் சந்திப்பில் ரகசியம் பற்றிப் பேசிவிடுங்கள்

பொதுவாக முதலில் பெற்றோரோடு பேசுவார்கள், அப்புறம் பிள்ளையோடு தனியாக. ஓர் அமர்வு முக்கால் மணி நேரம் வரை போகும். நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும். அது உங்களை ஒதுக்குவதற்காக இல்லை.

உள்ளே போகும் முன் மூவரும் இருக்கும்போதே கேளுங்கள்: “இங்கே பேசுவதில் எது எங்களுக்கு வரும், எது வராது? ஆசிரியருக்கு என்ன சொல்வீர்கள்?” நல்ல ஆலோசகர் பிள்ளையின் முன்னாலேயே விளக்குவார். பேசியது பொதுவாக வெளியே போகாது. பிள்ளை தன்னையோ இன்னொருவரையோ காயப்படுத்தும் ஆபத்து இருந்தால் மட்டும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விதிவிலக்கும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி ஆலோசகர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். தலைமையாசிரியருக்கும் ஆசிரியருக்கும் இதே கடமைதான். “பள்ளிப் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைக்காமல், அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

வெளியே வந்ததும் “உள்ளே என்ன சொன்னே?” என்று குடையாதீர்கள். ஒரே நாளில் ஆலோசகரின் மொத்த உழைப்பும் இதில் போய்விடும். “பசிக்குதா?” என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் அமர்வில் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை என்று இரண்டு மாதமாவது போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது எதிலும் மாற்றமே இல்லையென்றால், அடுத்த படிக்குப் போகலாமா என்று ஆலோசகரிடமே கேளுங்கள்.

6. பரிந்துரைக் கடிதம் வாங்காமல் வெளியே போகாதீர்கள்

“பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று வாயால் சொன்னால் அதோடு விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். அதில் என்ன கவனிக்கப்பட்டது, எத்தனை நாளாக, பள்ளியில் என்னென்ன செய்து பார்த்தார்கள், எதற்காக அனுப்புகிறார்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும். தேதி, கையெழுத்து, பள்ளி முத்திரை வேண்டும். கடிதம் இல்லாமல் போனால் அடுத்தவர் முதல் கேள்வியிலிருந்து தொடங்குவார். பிள்ளை தன் கதையை இன்னொரு முறை புதியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டிவரும். பிள்ளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

கடிதத்தில் நோயின் பெயர் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். “கவனக்குறைவு நோய் உள்ளவன்” என்று பள்ளியில் எழுதுவது சரியில்லை. “பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரச் சிரமப்படுகிறான்” என்று எழுதலாம். முதலாவது மருத்துவரின் முடிவு, இரண்டாவது பள்ளியில் கண்டது.

7. அரசு மருத்துவமனை வழி

செலவைப் பற்றிய கவலை இருந்தால் இதுதான் முதல் வழி. செலவு செய்ய முடிந்தவர்களுக்கும், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தேவையென்றால் இங்கேதான் வந்தாக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் கட்டணம் இல்லை, மருந்தும் அங்கேயே கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஓ.பி. காலையில்தான். சீட்டு வாங்கும் வரிசை சீக்கிரம் நீண்டுவிடும் என்பதால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். குழந்தைகளுக்கென்று தனி நாள் வைத்திருக்கிறார்களா, உளவியலாளர் எந்த நாளில் இருப்பார் என்று முதல் தடவை போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் இருக்கும் நாளில் உளவியலாளர் இல்லாமல் போவதும், மாறி நடப்பதும் சாதாரணம். பள்ளிக்கு லீவு, வேலைக்கு லீவு, பஸ் செலவு எல்லாம் இதில் வீணாகிறது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சு, நடை, கவனம் எல்லாமே தாமதமாகத் தெரிந்தால் டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பார்த்து இங்கே அனுப்புவதும் உண்டு. பேச்சுப் பயிற்சி, உளவியல், கண், காது எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட மையம் இது.

மருந்து எழுதித் தந்தால், அது எதற்கு, எத்தனை நாளில் வேலை செய்யும், என்ன பக்கவிளைவு வரலாம் என்று கேளுங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று விடவே கூடாது.

8. தனியாரிடம் போவதென்றால்

எங்கள் பக்கத்தில் விசாரித்தவரை ஓர் அமர்வுக்கு ஐந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம் வரை கேட்கிறார்கள். சோதனைகளுக்குத் தனிக் கட்டணம், அது சில ஆயிரங்களில் வரும். போவதற்கு முன் போனிலேயே கேளுங்கள்: அமர்வு எத்தனை நிமிடம், சோதனைக்கு எவ்வளவு, அறிக்கைக்குத் தனியாக வாங்குகிறீர்களா, அறிக்கை எத்தனை நாளில் வரும். அறிக்கைக்குத் தனிப் பணம் என்பதைக் கடைசி நாளில் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு பொதுவாக மருத்துவமனையில் சேர்த்தால்தான் உதவும், வாராவாரம் போகும் அமர்வுக்குத் தராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

கைரேகையை வைத்துப் பிள்ளையின் மூளைத் திறனைச் சொல்கிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று பள்ளிகளிலேயே முகாம் போடுகிறார்கள். இவற்றுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. பள்ளி அனுமதித்ததாலேயே அது சரியானது என்று நம்பிவிடாதீர்கள். “மூன்றே அமர்வில் குணம்” என்பதும் இதே ரகம்தான்.

9. கற்றல் குறைபாடு என்றால்: சான்றிதழும் தேர்வுச் சலுகையும்

எங்கள் வீட்டில் விஷயம் இங்கேதான் வந்து நின்றது. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் பிள்ளை எல்லாப் பதிலும் சொல்லும், எழுதச் சொன்னால் தடுமாறும். எழுத்துகள் விட்டுப்போகும், படிக்கும்போது வரி தாவும், கணக்கில் இலக்கம் இடம் மாறும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அடித்துவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் “குறிப்பிட்ட கற்றல் குறைபாடு” என்ற பெயரில் இதுவும் ஒன்று. பிள்ளைகளிடம் இதைச் சீக்கிரம் கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

முறையான சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகே தருவார்கள். அதற்கு முன் சந்தேகம் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம், காகிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சோதனை ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். அறிவுத்திறன் சோதனையும், படித்தல், எழுதுதல், கணக்குக்கான தனிச் சோதனைகளும் நடக்கும். அன்றைக்குப் பிள்ளை நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஜுரத்தோடு கூட்டிப் போக வேண்டாம், தேதியை மாற்றிக் கேளுங்கள்.

சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை போதும். பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்றிருந்தால்கூட நிறுத்திவைப்பார்கள். தடுமாற்றம் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

தனியார் உளவியலாளரின் அறிக்கையும் சான்றிதழும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறிக்கை பயிற்சிக்கு உதவும். பொதுத்தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவ அமைப்பின் சான்றிதழ் வேண்டும். சின்ன வயதில் வாங்கிய சான்றிதழ் எப்போதைக்கும் செல்லாது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு சமயத்தில்தான் இது பலருக்குத் தெரியவருகிறது.

சலுகைகள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாறும். தமிழ்நாட்டு மாநிலத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், பிள்ளை சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள், எழுதுபவரும் கேட்கலாம். இவற்றைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். மார்ச் மாதத் தேர்வுக்கு ஜனவரியில் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் சான்றிதழ் கையில் இருக்கட்டும், பத்தாம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே பள்ளியில் எழுத்து மூலம் கொடுத்து, உங்கள் பிரதியில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்து வாங்குங்கள். பள்ளி அலுவலகத்தில் காகிதம் தொலைந்தால் இந்தப் பிரதிதான் உங்களுக்குச் சாட்சி.

மொழி விலக்கு கேட்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். பின்னால் அந்தப் பாடம் கட்டாயமான படிப்போ வேலையோ வேண்டுமானால் அது இடைஞ்சலாகலாம். ஆலோசகரோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கூடுதல் நேரத்துக்கு அந்தத் தயக்கமே தேவையில்லை.

எழுதுபவரோடு பயிற்சி வேண்டும். சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது பிள்ளைக்குப் புதிது. கால்பரீட்சை, அரைப்பரீட்சையிலேயே அப்படி எழுதிப் பார்க்கப் பள்ளியில் கேளுங்கள்.

10. பள்ளிக்கு வெளியே யாரெல்லாம் இருக்கிறார்கள்

சில பிள்ளைகளின் பிரச்சினை பள்ளியில் தொடங்குவதில்லை. குடிக்கும் அப்பா, அடிவாங்கும் அம்மா, கடன்காரர் வந்து நிற்கும் வாசல் என்று வீட்டில்தான் இருக்கும். அப்போது பிள்ளைக்கு மட்டும் கவுன்சலிங் கொடுத்துப் பலனில்லை. நல்ல பள்ளி ஆலோசகர் இதைப் புரிந்துகொண்டு குடும்பத்துக்கே வழி காட்டுவார். அவர் காட்டாவிட்டால் நீங்களே அழைக்கலாம்.

குழந்தைக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. கொடுமை, குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் இந்த எண்தான். பிள்ளையே பேசலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். பெண்களுக்கு 181. போதைப் பழக்கத்துக்கு 14446. பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் மனம் உடைந்த பிள்ளைகளுக்கு 104 எண்ணிலும் ஆலோசனை தருகிறார்கள். இந்த எண்களைப் பிள்ளையின் நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படலாம்.

பள்ளியிலேயே ஒருவர் மேல் புகார் என்றால் ஆலோசகரிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், “மாணவர் மனசு” என்ற புகார்ப் பெட்டியும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்திருந்தால், பிள்ளைகள் கூச்சமில்லாமல் போடக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

11. டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால்

கவுன்சலிங் போகிற பிள்ளையை மெதுவாக வெளியேற்றப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. “வேறு ஸ்கூல் அவனுக்கு நல்லது” என்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எழுதித் தந்தால் அந்தக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள். வெற்றுத்தாளிலோ, “நாங்களாகவே விலகுகிறோம்” என்று எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்களாகவே பள்ளி மாற்ற முடிவு செய்தால், பழைய ஆலோசகரிடம் முடிவுரைக் குறிப்பு ஒன்று கேளுங்கள்: என்ன உதவியது, எது உதவவில்லை, எங்கே விட்டிருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகளின் நகல் கேட்கும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது, அவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கைப் படிவத்தோடு முழு ஃபைலையும் இணைக்க வேண்டாம். யு.டி.ஐ.டி. சான்றிதழ் நகலும், வகுப்பில் என்ன உதவி வேண்டும் என்று நீங்கள் எழுதிய ஒரு பக்கமும் போதும். மற்றவை, புதிய ஆலோசகரை நேரில் பார்த்துப் பிள்ளைக்கும் உங்களுக்கும் நம்பிக்கை வந்த பிறகு, அவர் கையில் மட்டும்.